குளிக்கும் இடத்து ஜன்னலுக்கு எதைப் போட்டு மறைப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாத்ரூம் ஜன்னலைப் பற்றித்தான். காரணம் தெரிந்ததுதான். வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் மாடிமேல் மாடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நேற்று வரைக்கும் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் இன்றைக்கு அடுத்த வீட்டு மொட்டை மாடியைப் பார்க்கிறது. பெயர் போட வேண்டாம் என்று எழுதியவர்கள் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: மாடி பாத்ரூமில் ஷவர் இருக்கிற சுவரை ஒட்டியே இரண்டரைக்கு மூன்றடி ஸ்லைடிங் ஜன்னல், ப்ளெயின் கண்ணாடி. எதிர் வீட்டில் மாடி எடுத்துவிட்டார்கள். கணவர் கண்ணாடி மாதிரி பளபளக்கும் மிரர் ஃபிலிம் ஒட்டலாம் என்கிறார். கடைக்காரர் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் என்கிறார். மாமியார் ஒரு துணியைக் கட்டிவிட்டால் போதும், இதற்குப் போய்ச் செலவா என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, காந்தி நகர், காட்பாடி

மூவரில் உங்கள் கணவர் சொல்கிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். மிரர் ஃபிலிம் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத்தான் முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்கும். பகலில் வெளியே வெயில், அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் முகமே தெரியும். சாயங்காலம் ஆறரைக்கு நீங்கள் உள்ளே லைட் போட்ட நிமிடம் எல்லாம் தலைகீழ். உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் தெரியும், எதிர் மாடியில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரிவார். ஆபீஸுக்குப் பகலில் மட்டும் போதும், அங்கே ஒட்டட்டும். ராத்திரியும் விடியற்காலையும் குளிக்கிற வீட்டில் அது வேலைக்கு ஆகாது.

மாமியாரின் துணியை அப்படித் தள்ளிவிட முடியாது, பாவம், அந்தக் காலத்தில் அதுதான் வேலை செய்தது. ஆனால் அப்போது குளியல் தொட்டியிலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டது, ஜன்னலும் தலைக்கு மேலே இருந்தது. ஷவரை ஒட்டின ஜன்னலில் துணி கட்டினால் தினமும் நனையும், காயாது, ஒரு மழைக்காலத்துக்குள் கரும்பூஞ்சை வந்துவிடும். துணிதான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் ஷவர் கர்ட்டன் வாங்கி ஜன்னலுக்கு முன்னால் ஒரு கம்பியில் விடுங்கள், குளித்து முடித்ததும் விரித்துக் காயவிடுங்கள்.

இப்போது ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர். கடைக்காரர் சொன்னது பாதி சரி. அந்த மாதிரி ஃபிலிம் வெளிச்சத்தைத் தடுப்பதில்லை, சிதறடிக்கிறது. சிதறடிப்பதால் கண்ணாடியிலிருந்து தள்ளி இருக்கிற பொருள் கலங்கிப்போகும், ஆனால் கண்ணாடியை ஒட்டி இருக்கிற பொருள் கலங்காது. கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள், விரலை எண்ணலாம். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே போங்கள், முதலில் கை என்று மட்டும் தெரியும், அப்புறம் ஏதோ அசைகிறது என்று மட்டும் தெரியும். ஷவர் எதிர்ச் சுவரில் இருந்தால் ஃப்ராஸ்டட் தாராளமாகப் போதும். உங்கள் வீட்டில் ஷவரே ஜன்னலை ஒட்டி இருக்கிறது, அதனால் ராத்திரியில் உருவம் நிழலாக விழும்.

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒன்று, லைட் எங்கே இருக்கிறது என்பது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ட்யூப் லைட் இருந்தால் குளிப்பவர் லைட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிற்கிறார், நிழல் அப்படியே கண்ணாடியில் விழும். அதே லைட்டைக் கழற்றி ஜன்னல் இருக்கிற சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே மாட்டிவிட்டால் நிழல் பின்சுவரில் போய் விழும், கண்ணாடியில் விழாது. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, ஆனால் எந்த ஸ்டிக்கரும் செய்யாததை இது செய்யும். தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, ஈரம் புகாத மூடி போட்ட லைட்டாக வாங்குங்கள்.

அத்தோடு, ஃப்ராஸ்டட் வேண்டாம், ‘மில்க் ஒயிட்’ என்று கேளுங்கள். பெயர்ப் பலகை செய்கிற ஸ்டிக்கர் கடைகளில் கிடைக்கும். பால் மாதிரி வெள்ளை, வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் உருவம் நன்றாக மங்கிவிடும். அதை நெஞ்சு உயரத்துக்கு மேல் வரை ஒட்டிவிட்டு உச்சியில் மட்டும் ஃப்ராஸ்டட் விட்டாலும் வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது.

ஒட்டுவதை அக்னி நட்சத்திர வெயிலில் மத்தியானம் செய்ய வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஃபிலிமை நகர்த்தி நகர்த்திச் சரி செய்ய வேண்டும், நம்ம ஊர் வெயிலில் கண்ணாடி கொதிக்கும்போது தண்ணீர் அதற்குள் ஆவியாகி, ஃபிலிம் சுருங்கினது சுருங்கினபடியே பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் ஒட்டுங்கள். ஓரத்தில் ரப்பர் பீடிங்கைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு வெட்டச் சொல்லுங்கள், தொட்டுக்கொண்டிருந்தால் அங்கிருந்துதான் தண்ணீர் ஏறி உரியும். இரண்டு மூன்று நாளாவது அந்த பாத்ரூமில் ஷவரைத் திறக்காதீர்கள்.

எல்லாம் செய்த பிறகு சோதனை. ராத்திரி லைட்டைப் போட்டு, உங்கள் கணவரையே சட்டை பேன்ட்டோடு ஷவருக்குக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். எதிர் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு அவர்கள் மாடியிலிருந்தே பார்த்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் இந்தச் சங்கடம் இருக்கத்தானே செய்யும்.

கடைசியாக ஒன்று. ஸ்லைடிங் ஜன்னலில் என்ன ஒட்டினாலும் திறந்த பாதிக்கு மறைப்பு இல்லை. அதனால் திறக்கவே மாட்டீர்கள், பாத்ரூம் நாறும். கையில் காசு வரும்போது மேலே கீல் வைத்து, கீழ்ப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள். திறந்திருக்கும்போதும் கண்ணாடியே சாய்வாக மறைத்து நிற்கும், காற்றும் வரும்.

கேள்வி: புது வீட்டுக்கு மணல் அடித்த ஃப்ராஸ்டட் கண்ணாடியே போட்டோம், ஸ்டிக்கர் எல்லாம் வேண்டாம் என்று. காய்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. குளிக்கும்போது தண்ணீர் பட்ட இடமெல்லாம் தெளிவாகிவிடுகிறது! கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரா? – ஆசிரியர், சைதாப்பேட்டை, வேலூர்

ஏமாற்றவில்லை சார், சரக்கில் குறை இல்லை, திருப்பி மாட்டியிருக்கிறார்கள். மணல் அடித்த கண்ணாடியில் ஒரு பக்கம்தான் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. அந்தச் சொரசொரப்பில் இருக்கிற கோடிக்கணக்கான சின்னப் பள்ளங்களில் காற்று இருக்கும்வரை வெளிச்சம் கண்டபடி சிதறும். அங்கே தண்ணீர் நிரம்பினால் அவ்வளவாகச் சிதறாது, ஏனென்றால் ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்கிற ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. தண்ணீர் கண்ணாடிக்குக் கிட்டே வந்துவிடுவதால் வெளிச்சத்துக்குப் பள்ளமே பாதி தெரியாமல் போகிறது. பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் இறங்கின இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிறதே, அதே சங்கதிதான். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் ஃப்ராஸ்டட் கண்ணாடித் துண்டில் செல்லோ டேப்பை ஒட்டிக் காட்டுங்கள், டேப் அளவுக்கு மட்டும் ஜன்னல் திறந்துகொள்ளும்.

தீர்வு, பீடிங்கைக் கழற்றிக் கண்ணாடியைத் திருப்பி மாட்டுவது. சொரசொரப்பு வெளியே, வழவழப்பு ஷவர் பக்கம். வெளியே சன்ஷேடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும்போது அதே கதை வெளிப்பக்கத்திலிருந்து நடக்கும். திருப்ப முடியாத அமைப்பு என்றால் வழவழப்பான பக்கத்தில் மில்க் ஒயிட் ஃபிலிம் ஒட்டுங்கள். சொரசொரப்பில் எந்த ஃபிலிமும் சரியாகப் பிடிக்காது, முயற்சி பண்ண வேண்டாம்.

இனிமேல் வாங்குகிறவர்களுக்கு: அச்சில் உருட்டி எடுத்த டிசைன் கண்ணாடி, கடையில் பின்ஹெட் என்று ஒன்று காட்டுவார்களே, அதில் மேடு பள்ளம் பெரிது, தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக ஏமாற்றாது. அதையும் வழவழப்பு உள்ளே வருகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள், வெளித் தூசு ஒரு மழையில் போய்விடும், டிசைனுக்குள் உட்கார்ந்த சோப்புக் கறை போகாது. காசைப் பற்றிக் கவலை இல்லை என்பவர்கள் நடுவில் வெள்ளை ஷீட் வைத்த லேமினேட்டட் கண்ணாடி வாங்கலாம், மறைப்பு உள்ளேயே இருப்பதால் எந்தப் பக்கம் நனைந்தாலும் ஒன்றுதான், உடைந்தாலும் துண்டுகள் ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எதுவானாலும் வழுக்கி விழுந்தால் கை போய் இடிக்கிற உயரத்தில் சாதாரணக் கண்ணாடி வைக்க வேண்டாம், டஃப்பண்ட், அதாவது சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி கேளுங்கள். ஆனால் அதைப் பட்டறையிலிருந்து வந்த பிறகு வெட்ட முடியாது, அளவு எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீடு மலைச்சரிவுக்குக் கீழே. மேலே இருக்கிற வீடுகளிலிருந்து பார்த்தால் எங்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் நேராகத் தெரிகிறது. பழைய காலத்துப் பட்டைக் கண்ணாடி லூவர்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஸ்லைடிங் போடச் சொல்கிறார் கார்பென்டர். – வாசகி, காகிதப்பட்டறை

எடுக்காதீர்கள். மேலேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு அந்தப் பட்டை லூவரை மிஞ்சின ஜன்னல் இல்லை. பட்டைகளின் வெளி ஓரம் கீழே சாய்ந்திருக்கும் இல்லையா, அதனால் பாதி திறந்திருந்தாலும் மேலேயிருந்து வருகிற பார்வை பட்டையில் முட்டி நின்றுவிடும். கீழே தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் இடைவெளியில் தெரிவது உங்கள் வீட்டுச் சீலிங்தான். காற்றோ நிற்காமல் வரும். ப்ளெயின் பட்டையாக இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு டிசைன் கண்ணாடிப் பட்டை போடுங்கள், வேலை முடிந்தது. உள்பக்கம் கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள். கார்பென்டருக்கு வேறு வேலை கொடுங்கள்.

கேள்வி: பாத்ரூமிலேயே கேஸ் கீசர் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள் என்ற பயத்தில் ஜன்னலை பிளைவுட் போட்டு முழுவதும் அடைத்துவிடலாமா என்று யோசிக்கிறோம். – வாசகர், குடியாத்தம்

கூடவே கூடாது. கேஸ் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். அடைத்த அறையில் அது குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. தலை சுற்றும், கால் தளரும், கதவைத் திறக்கக்கூடக் கை எழும்பாது. அடைத்த பாத்ரூமில் கேஸ் கீசரை ஓடவிட்டுக் குளித்து உயிர் போனவர்கள் உண்டு. முதல் வேலையாகக் கீசரைக் கழற்றி வெளியே, காற்றோட்டமான பக்கத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவரை ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்து வாளியில் பிடித்துக்கொண்டு, கீசரை நிறுத்திவிட்டு, கொஞ்சம் காற்று ஓடவிட்டு அப்புறம் குளியுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அது இழுக்கிற காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் வழி வேண்டும்.

மறைப்புக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி சிமென்ட் ஜாலி, அதாவது துளை விட்ட சிமென்ட் பலகை வைத்துக் கட்டலாம். துளை நேராக இல்லாமல் சாய்வாக இருக்கிற ஜாலியாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து மாத வாடகைக்கு அறை எடுத்திருக்கிறோம். பாத்ரூம் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு லாட்ஜின் வராந்தா. எதையும் ஒட்டக் கூடாது என்கிறார் அறைக்காரர். – வாசகி, தோட்டப்பாளையம்

பசையே இல்லாத ஃபிலிம் இருக்கிறது, ஸ்டாட்டிக் ஃபிலிம் என்று கேளுங்கள். தண்ணீர் தெளித்து வைத்து அழுத்தினால் நிற்கும், போகும்போது உரித்துச் சுருட்டிக்கொண்டு போகலாம், கறை இருக்காது. கண்ணாடி வழவழப்பாக இருந்தால்தான் பிடிக்கும். செய்தித்தாளை மைதா பசையில் ஒட்டுவது மட்டும் வேண்டாம், ஈரத்தில் புழு வைக்கும், அறைக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பாத்ரூமைப் பார்த்தபடி புதிதாக ஜன்னல் வைத்துவிட்டார். சட்டப்படி மூடச் சொல்ல முடியுமா? – வாசகர், ஆற்காடு

அவர் சுவரில் அவர் ஜன்னல் வைப்பதைச் சும்மா தடுக்க முடியாது. ஆனால் 1882-ஆம் வருடத்து ஈஸ்மெண்ட் சட்டத்தில் (அடுத்தவர் இடத்தின் மேல் ஒருவருக்கு உள்ள அனுபவ உரிமைகளைப் பற்றிய சட்டம்) 18-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஊர் வழக்கத்தால் வருகிற உரிமைகளைப் பற்றியது. அதில் உதாரணமாகவே இந்த ஜன்னல் விவகாரத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: அடுத்த வீட்டின் மறைவைப் பெரிதாகக் கெடுக்கிற மாதிரி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஒரு ஊரில் இருந்தால் அந்த உரிமை செல்லும் என்று. சிக்கல், அப்படி ஒரு வழக்கம் உங்கள் ஊரில் இருக்கிறது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அது லேசான காரியம் இல்லை. அதைவிட, அவர் வீட்டுக்கு அனுமதி வாங்கின பிளானில் அந்த ஜன்னலும், விட வேண்டிய பக்கவாட்டு இடமும் இருக்கிறதா என்று நகராட்சியில் விசாரியுங்கள்.

இன்னொரு வழி, உங்கள் இடத்துக்குள் நீங்களே ஒரு மறைப்பு எழுப்புவது. அவர் ஜன்னல் புதிது. அதே சட்டத்தின் 15-வது பிரிவுப்படி வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அவர் உரிமை கொண்டாட, இடையூறு இல்லாமல் 20 வருடம் அனுபவித்திருக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடாமல் இப்போதே வைத்துவிடுங்கள். இதெல்லாம் ஜன்னல் இருக்கிறது என்பதற்குத்தான். அந்த ஜன்னலில் நின்று ஒருவன் குளிக்கிற பெண்ணைப் பார்க்கிறான், செல்போனில் எடுக்கிறான் என்றால் அது பக்கத்து வீட்டுத் தகராறு இல்லை, குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு, முதல் முறைக்கே ஒரு வருடத்துக்குக் குறையாத சிறை, மூன்று வருடம் வரை போகலாம். நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஜன்னல் கண்ணாடி, ஒட்டின ஃபிலிம் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. – வாசகி, வாணியம்பாடி

கண்ணாடிக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துப் பத்து நிமிடம் போர்த்திவிட்டுத் துடையுங்கள். டாய்லெட் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுபோகாதீர்கள், அலுமினிய ஃப்ரேமை அரித்துவிடும். ஃபிலிம் மேலே சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும், பிளேடு, ஸ்கிரப்பர் கூடாது. குளித்து முடித்ததும் சின்ன ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் உப்பு படிய நேரமே இருக்காது.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், பாத்ரூம் சுவர் இடுப்பளவு வந்திருக்கிறது. ஜன்னல் எந்த உயரத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது? – வாசகர், தொரப்பாடி

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். லின்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே வருகிற கான்கிரீட் விட்டம் ஏழடியில் வருகிறது என்றால் ஜன்னலின் அடிமட்டத்தை ஐந்தடிக்குத் தூக்கிவிடுங்கள். உயரம் இரண்டடிதான் கிடைக்கும், அதற்குப் பதில் அகலத்தைக் கூட்டி நாலடி வைத்துக்கொண்டால் வெளிச்சமும் காற்றும் குறையாது. தலை மட்டும் தெரியலாம், அதற்கு டிசைன் கண்ணாடி லூவர் போதும். ஷவரை அந்தச் சுவரில் வைக்காமல் எதிர்ச் சுவருக்கு மாற்றினால் இன்னும் நிம்மதி, ஆனால் பிளம்பர் சுவரை வெட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். ஃப்ரேம் மரம் வேண்டாம், உப்பி இறுகிவிடும், யு.பி.வி.சி. என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஃப்ரேம் போடுங்கள். ஜன்னலின் அடியில் வைக்கிற கிரானைட் பலகையை உள்பக்கம் லேசாகச் சரிவு கொடுத்துப் பதிக்கச் சொல்லி மேஸ்திரியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மட்டமாகப் பதித்தால் தண்ணீர் அங்கேயே தேங்கிச் சுவரில் இறங்கும்.